ஆரம்ப விலை எங்கே தப்பியது? செட்டிநாட்டுச் சாமான்களின் இணைய ஏலத்துக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகளிலிருந்து எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, மங்கு (பீங்கான்) ஜாடி, ரவிவர்மா படம் என்று எத்தனையோ சாமான்கள் இணைய ஏலத்துக்குப் போகின்றன. சில இபே (eBay) என்ற உலக ஏலத் தளத்தில், பல வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில். ஏலம் சரியாகப் போகாவிட்டால் சாமானுக்கு மவுசு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு ஆரம்ப விலையில்தான் இருக்கும். சில நேரம் ஆரம்ப விலையில் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் வேறு இடத்தில் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிமுறை. உங்கள் ஏலத்தில் கண்ட அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு கணக்கு.

## முதலில்: சம்மத விலை

ஒரே ஒருவர் வருகிறார், ஆரம்ப விலைக்கே கேட்கிறார் (இதைக் கேட்பு என்போம்), ஏலம் அங்கேயே முடிகிறது. அந்த விலைக்குச் சாமானைக் கொடுக்க மனம் ஒப்புமா? ஒப்பும் என்ற மிகக் குறைந்த தொகைதான் சம்மத விலை. சாமானின் மதிப்பு வேறு, இது வேறு. மதிப்பை ஏலம் கேட்பவர்கள் ஏற்றிச் சொல்வார்கள். சம்மத விலையை நீங்கள்தான் போட வேண்டும்.

அடக்கம் (நீங்கள் வாங்கிய விலை) 900 ரூபாய், பெட்டி, ஃபோம், டேப்புக்கு 120, கழுவித் துடைத்துப் படமெடுத்த கூலி 80 என்றால் மொத்தம் 1,100. தளத்தின் கமிஷன் 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பலரும் 1,100-க்கு 13 சதவீதம் கூட்டி 1,243 என்று போடுவார்கள். அது தப்பு, ஏனென்றால் கமிஷன் பிடிப்பது விற்ற விலையில். 1,100-ஐ 0.87-ஆல் வகுக்க வேண்டும்: 1,264 ரூபாய் வருகிறது. இபேயில் இன்னொன்றும் உண்டு. வாங்குபவர் கட்டும் அனுப்பும் செலவின்மேலும் கமிஷன் விழும். அனுப்பும் செலவு 600 என்றால் அதில் 13 சதவீதமான 78 ரூபாயை 1,100-உடன் கூட்டி, பிறகு 0.87-ஆல் வகுக்க வேண்டும். 1,354 ரூபாய். எளிய கணக்கில் வந்த 1,243-க்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் மாதக் கடைசியில் "எங்கே போச்சு" என்று தேடும் பணம்.

பரம்பரைச் சாமானுக்கு அடக்கம் என்று ஒன்று கிடையாது. பூஜ்யம் என்று போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் "இதை எடுத்துக்குவீங்களா, என்ன தருவீங்க?" என்று கேளுங்கள். வேறொரு கடையில் அதே மாதிரிச் சாமானை வாங்க வந்தவராக விலை கேளுங்கள். முதல் கடைக்காரர் கையில் எண்ணித் தரத் தயாராக இருக்கும் தொகையை அடக்கமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கடையில் சொன்ன விலையை ஆரம்ப விலையாக்கக் கூடாது. வாடகை கட்டி, வருஷக்கணக்கில் காத்திருக்கக் கூடியவர் சொல்லும் விலை அது.

பித்தளை, வெண்கலம், செம்புக்கு அன்றைய பழைய பாத்திர எடை விலைதான் தரை. அதற்குக் கீழே ஆரம்பித்தால் முதலில் ஓடிவருபவர் உருக்குவதற்கு எடுப்பவர்.

## அறிகுறி 1: ஏலம் முடிந்தது, ஒரு கேட்பும் இல்லை

உடனே விலையைப் பாதியாக்க வேண்டாம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தங்கள் கவனிப்புப் பட்டியலில் குறித்து வைத்தார்கள் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். வழி மூன்றாகப் பிரிகிறது.

### பார்த்தவர்களே மிகக் குறைவு

ஏழு நாளில் இருபது முப்பது பேர்கூடப் பார்க்கவில்லை என்றால் விலையில் குற்றமில்லை, அதை யாரும் பார்க்கவே இல்லையே. தலைப்பைச் சோதியுங்கள். இபேயில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். அதில் "மிக அரிய", "அற்புதமான", "பழமையான" என்பவற்றை நிரப்பினால் தேடலில் அகப்படாது. வாங்குபவர் தேடுவது தயாரிப்பாளர் பெயர், நாடு, பொருள், அளவு, நிறம் ஆகியவற்றை. வெளியூர்க்காரருக்குத் தூக்கு என்றால் தெரியாது, டிஃபின் கேரியர் என்றால் தெரியும். எனாமல்வேர் என்ற சொல்லும் ஸ்வீடன் என்ற நாட்டுப் பெயரும் தலைப்பில் இருந்தாலே பார்வை கூடும். உள்ளூர்க் குழுவில் இதற்கு நேர்மாறு. அங்கே "எனாமல் அடுக்குத் தூக்கு, 4 அடுக்கு, மூடி உண்டு" என்று நம் வழக்கிலேயே எழுதுங்கள்.

அடுத்து முடியும் நேரம். இபே ஏலம் ஆரம்பித்த அதே மணிக்குத்தான் முடியும். காரைக்குடியில் மாலை 5 மணிக்கு ஏற்றினால், அமெரிக்க மேற்குக் கரையில் கோடைக்காலத்தில் அது அதிகாலை 4:30-க்கு முடிகிறது. அங்கே ஞாயிறு மாலை 6 மணிக்கு முடிய வேண்டுமென்றால் நம் கடிகாரத்தில் திங்கள் காலை 6:30 (அவர்கள் குளிர்காலத்தில் 7:30). ஏழு நாள் ஏலத்தை முந்தின திங்கள் அதே நேரத்துக்குத் திட்டமிட்டு வைத்துவிடலாம். உள்ளூர்க் குழுக்களில் இரவு 8-லிருந்து 9:30-க்குள் முடிப்பது நல்லது, கடை அடைத்து வீடு வந்தவர்கள் போனைப் பார்க்கும் நேரம்.

### பார்த்தார்கள், யாரும் குறித்து வைக்கவில்லை

படமும் விவரமும் நம்பிக்கை தரவில்லை. எனாமல் சாமானில் இது அதிகம். பூச்சுச் சில்லு பெயர்ந்த இடத்தைக் காட்டாமல் விட்டால், காட்டியதைவிடப் பெரிய சேதமிருக்கும் என்றே வாங்குபவர் நினைப்பார். சில்லுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள். உள்பக்கம், விளிம்பு, பிடி, மூடியின் அடி, அடிப்பாக முத்திரை என எட்டுப் பத்துப் படங்கள் வேண்டும். பொத்தல் இருக்கிறதா என்று இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காகிதத்தின்மேல் வையுங்கள். "தண்ணீர் ஒழுகாது, சோதித்தது" என்ற ஒரு வரி விலையைக் குறைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பித்தளையைப் படமெடுக்காதீர்கள். முற்றத்து நிழல் வெளிச்சம், காலை பத்து மணி போதும்.

### குறித்து வைத்தார்கள், கேட்கவில்லை

ஆரம்ப விலைக் கோளாறின் சுத்தமான அடையாளம் இதுதான். சாமான் பிடித்திருக்கிறது, கையில் காசும் இருக்கிறது, வாசல்படிதான் உயரம். ஆனால் விலையைத் தொடுமுன் அனுப்பும் செலவைப் பாருங்கள். 20 டாலர் சாமானுக்கு 55 டாலர் அனுப்பும் செலவு என்று காட்டினால், ஆரம்ப விலை 5 டாலர் என்றாலும் ஆள் வராது. 800 டாலருக்குக் கீழ்ப்பட்ட பார்சல்களுக்கு அமெரிக்காவில் இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் நின்றுவிட்டது. அந்த வரியையும் சேர்த்துத்தான் அங்கிருப்பவர் மனக்கணக்குப் போடுவார்.

அனுப்பும் செலவு நியாயம்தான் என்றால் விலையைக் குறையுங்கள். ஒரே தடவையில், 25 முதல் 30 சதவீதம் வரை. ஆனால் சம்மத விலைக்குக் கீழே வேண்டாம். வாரம் ஐந்து சதவீதமாகக் குறைத்தால் "இன்னும் இறங்கும்" என்று எல்லோரும் காத்திருப்பார்கள். இபேயில் கேட்பு எதுவும் வராமல், முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஓடுகிற ஏலத்திலேயே ஆரம்ப விலையைக் குறைக்கலாம். உள்ளூர்க் குழுவில் அப்படிச் செய்யாதீர்கள். எடுத்துவிட்டு மூன்று நான்கு வாரம் ஆறப்போட்டு, புதுப் படத்தோடு போடுங்கள். குழுவில் இருப்பவர்கள் அதே நூறு பேர்தான். ஒரு தடவை "போணியாகாத சாமான்" என்று பெயர் விழுந்தால் விலை குறைத்தாலும் எடுபடாது.

சம்மத விலைக்கே இறக்கியும் இரண்டு ஏலம் காலியாக முடிந்ததா? அது ஏலத்துக்கு உரிய சாமான் அல்ல. தேக்கு நிலைக்கதவு, தூண், பெரிய பெட்டி, பெஞ்சு எல்லாம் இந்த வகை. நேரில் பார்த்து, வண்டி வைத்து எடுத்துப்போக ஆள் வர வேண்டும். நிலையான விலை போட்டு, பேசி முடிப்பதே சரி. கதவு, தூண் என்றால் பழைய மரம் எடுப்பவர் இருவரைக் கூப்பிட்டு அளந்து விலை சொல்லச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: ஒரே கேட்பு, ஆரம்ப விலைக்கே போய்விட்டது

மனசை அதிகம் நோகடிப்பது இது. 40 டாலர் பெறும் எனாமல் தட்டு 10 டாலருக்குப் போயிருக்கும்.

இபேயில் கேட்பவர் தன் உச்ச விலையைத் தளத்திடம் சொல்லி வைக்கிறார். தளம் அதை வெளியே காட்டாமல், எதிரே ஆள் வந்தால் மட்டும் படிப்படியாக ஏற்றும். ஒருவர் 60 டாலர் வரை போகத் தயாராக இருந்து வேறு ஆளே வராவிட்டால் விலை 10 டாலரிலேயே நிற்கும். இரண்டாவது ஆள் 41 டாலர் வரை வந்திருந்தால் 42-க்கு முடிந்திருக்கும். விற்கும் விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாவது ஆள்தான். ஆரம்ப விலையைத் தாழ்த்துவது அந்த இரண்டாவது ஆள் நிச்சயம் வருவார் என்று பந்தயம் கட்டுவது.

### இரண்டாவது ஆள் வருவாரா என்று சோதிக்க

இபேயின் தேடலில் "விற்றவை" என்று வடிகட்டினால் கடந்த 90 நாள் விற்பனை தெரியும். உங்கள் சாமானை ஒத்த கடைசிப் பத்து ஏலங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கேட்பு வந்தது என்று மட்டும் எண்ணுங்கள். விலையை அப்புறம் பார்க்கலாம்.

பத்தில் ஏழுக்கு மேல் நான்கு ஐந்து கேட்பு உண்டு என்றால் தாழ்ந்த ஆரம்ப விலை சரி. சம்மத விலையின் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட இறங்கலாம், கூட்டம் தூக்கிவிடும். பழைய காசு, தபால்தலை, தெளிவான முத்திரை உள்ள ஸ்வீடன் எனாமல் ஆகியவற்றில் இப்படிக் காணலாம்.

பெரும்பாலும் ஒன்று இரண்டு கேட்பு என்றால் சம்மத விலையே ஆரம்ப விலை. ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். நகரத்தார் கல்யாணச் சாமான்களில் பலவும், கொட்டான் (ஓலைக் கூடை), மரச் சிறு பெட்டிகள், முறுக்கு அச்சு, பர்மா அரக்குப் பெட்டி எல்லாம் தேடி வருபவர் சிலர்தான். வந்தால் நல்ல விலை தருவார்கள், ஆனால் ஒரே வாரத்தில் இருவர் சேர்ந்து வருவது அபூர்வம்.

பத்து விற்பனையே கிடைக்கவில்லையா? அதையும் "கூட்டம் இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

### கூட்டம் உள்ள சாமான்தான், ஆனாலும் ஒருவரே வந்தார்

நீங்களே உங்களுக்குப் போட்டியா என்று பாருங்கள். ஒரே மாதிரி நான்கு தட்டுகளை ஒரே நாளில் நான்கு ஏலமாக விட்டால் நான்கு பேரும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து எடுத்துக்கொள்வார்கள். வாரம் ஒன்றாக விடுங்கள், இல்லையேல் நான்கையும் ஒரே தொகுப்பாக்குங்கள். அடுக்குச் சாமானைப் பிரிக்கவே கூடாது. தூக்கின் நான்கு அடுக்கும் மூடியும் சேர்ந்திருந்தால்தான் அது தூக்கு.

இன்னொரு காரணம் "உடனே வாங்க" விலை. இபேயில் அதை ஆரம்ப விலையைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டும், முதல் கேட்பு விழுந்ததும் பொதுவாக அது மறைந்துவிடும். 10 டாலரில் ஆரம்பித்து 45-க்கு உடனே வாங்கலாம் என்று போட்டால், விவரம் தெரிந்தவர் 10 டாலர் கேட்பைப் போட்டு அந்தக் கதவைச் சாத்திவிடுவார். இரண்டும் வைப்பதானால் இடைவெளியைச் சுருக்குங்கள்.

ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்காது என்று மறைத்து வைக்கும் விலை, வைக்கலாமா? இபேயில் அதற்குத் தனிக் கட்டணம், விற்காவிட்டாலும் திரும்ப வராது. பல வாங்குபவர்கள் ரிசர்வ் என்று பார்த்ததுமே நகர்ந்துவிடுவார்கள். மிக விலையுயர்ந்த சாமான் தவிர மற்றதற்குச் சம்மத விலையை வெளிப்படையாக ஆரம்ப விலையாக வைப்பதே நேர்மையும் சிக்கனமும்.

செய்யக் கூடாதவை இரண்டு. முடிந்த ஏலத்தை "உடைந்துவிட்டது" என்று சொல்லி ரத்து செய்வது ஒன்று. மைத்துனரையோ நண்பரையோ வைத்துக் கேட்பை ஏற்றுவது இன்னொன்று. போலிக் கேட்பைத் தளங்கள் தடை செய்திருக்கின்றன, பிடிபட்டால் கணக்கே போகும். உள்ளூர்க் குழுவில் அதைவிட வேகமாகப் பெயர் போகும். குறைந்த விலைக்குப் போனாலும் ஒழுங்காகக் கட்டி அனுப்புங்கள். அந்த ஒருவர்தான் அடுத்த ஏலத்துக்கு வரப்போகும் இரண்டாவது ஆள்.

## அறிகுறி 3: போட்ட அரை மணி நேரத்தில் "முடிச்சுத் தரீங்களா" என்று தனிச்செய்தி

"அண்ணே, ஏலம் எதுக்கு, நாலாயிரம் தர்றேன், இப்பவே முடிச்சு விடுங்க." ஆரம்ப விலை 500 என்று போட்ட சாமானுக்கு இப்படி ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்கள் என்றால், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் படத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏலத்துலயே கேளுங்கண்ணே" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுச் சாமானை மறுபடி கையில் எடுங்கள். இபேயில் தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வது விதிமீறலும்கூட.

எனாமல் என்றால் அடியைத் திருப்புங்கள். ஸ்வீடன் கோக்கம்ஸ் முத்திரையா, ஜப்பானா, செக்கோஸ்லோவாகியாவா? அழுக்குக்கு அடியில் மறைந்திருக்கும், வெந்நீரும் சோப்பும் மென்மையான துணியும் போதும். புளி, ஆசிட், இரும்பு நார் எதுவும் படக் கூடாது.

ரவிவர்மா படம் என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிப் பாருங்கள், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் வகைதான். முகத்தின் நிழல் பகுதியில் ஒரே சீரான புள்ளிகள் பூப்போல் வட்டமிட்டு அடுக்கியிருந்தால் பிற்கால ஆஃப்செட் அச்சு. ஒழுங்கில்லாத மணல்மணியாக, நிறத்தின்மேல் நிறம் ஏறியிருந்தால் பழைய கல்லச்சு. கீழ் ஓரத்தில் அச்சகப் பெயர் இருக்கும், சட்டம் போட்டவர் அதை வெட்டியிருக்கவும் கூடும். படத்தைச் சட்டத்திலிருந்து நீங்களாகப் பிரிக்காதீர்கள். பழைய காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும்.

உலோகம் என்றால் முதலில் காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையா வெண்கலமா என்பதைப் பாத்திரப் பட்டறைக்காரர் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். வெண்கலம் நீளமாக ஒலிக்கும்.

இபேயில் இன்னும் கேட்பு விழவில்லை என்றால் நிறுத்தி, விவரம் சேர்த்து, விலையைத் திருத்திப் போடலாம். குழுவில் கேட்பு விழுந்த பிறகு நிறுத்தாதீர்கள், விவரத்தை மட்டும் சேருங்கள். விஷயம் தெரிந்ததும் மற்றவர்களும் வருவார்கள், விலை தானாக ஏறும்.

சிலை, ஓவியம், தங்க ரேக் ஒட்டிய தஞ்சாவூர்ப் படம், வெள்ளி ஆகியவை என்றால் இந்த அறிகுறி கண்டவுடன் மதிப்பீட்டாளரிடம் போய்விடுங்கள். ஒருவரிடம் மட்டும் அல்ல, ஒருவருக்கொருவர் தெரியாத இருவரிடம். வாங்கும் எண்ணம் உள்ளவரை மதிப்பீட்டுக்குக் கூப்பிடக் கூடாது.

## அறிகுறி 4: கேட்பு ஏறியது, பாதியில் நின்றுவிட்டது

இபேயில் ஐந்து நாள் அசைவில்லாமல் இருப்பது கோளாறே இல்லை. பழகியவர்கள் கடைசிப் பத்து நொடியில்தான் கேட்பார்கள்.

குழுவில் நின்றால் முதலில் படியை, அதாவது ஒவ்வொரு கேட்பும் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை, பாருங்கள். 500-இல் ஆரம்பித்துக் குறைந்தபட்சப் படி 500 என்று வைத்தால் இரண்டாவது ஆள் ஒரே அடியில் இரட்டிப்பாக்க வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள். ஆயிரம் வரை 50, ஐயாயிரம் வரை 100, இருபதாயிரம் வரை 250 அல்லது 500, அதற்கு மேல் 1,000 என்ற படி ஓடும். மிகச் சின்னப் படியும் கெடுதல்தான். இருபதாயிரம் ரூபாய் சாமானுக்குப் பத்துப் பத்தாக ஏற்றினால் சலிப்பில் கலைந்துவிடுவார்கள்.

அடுத்து முடிக்கும் விதி. "9 மணிக்கு முடியும், கடைசி 5 நிமிடத்தில் கேட்பு வந்தால் இன்னும் 5 நிமிடம் நீளும்" என்று ஆரம்பத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் 8:59-க்கு வந்த ஒரு கேட்பில் சண்டை வரும்.

பித்தளை அண்டா எடை விலையை ஒட்டியே நின்றுவிட்டதா? உங்கள் பட்டியல் எடையை மட்டும் சொல்கிறது. விளிம்பு வேலைப்பாடு, வளையம், பொறித்த விலாசம் (குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்), வாய் விட்டம், உயரம் எதுவும் இல்லை. செட்டிநாட்டுப் பாத்திரங்களில் குடும்ப விலாச எழுத்துகள் வெட்டியிருப்பது வழக்கம். அதை நெருக்கத்தில் படமெடுத்துப் போடுங்கள். எடைக்கு எடுப்பவர் விலகி, சேகரிப்பவர் வருவார்.

## அறிகுறி 5: நல்ல விலைக்கு விற்றது, கையில் ஒன்றும் நிற்கவில்லை

கூரியர் ரசீதையும் நீங்கள் போட்ட மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அகப்படுவது இங்கேதான். விமானக் கூரியரில் தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. மூன்று எனாமல் பேசின்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி 45, 45, 30 அளவுப் பெட்டியில் வைத்தால் 60,750-ஐ 5,000-ஆல் வகுக்க 12.15 கிலோ. தராசில் ஐந்து கிலோதான் இருக்கும். அதையே அடுக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக 60 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டினால் 24.3 கிலோ.

ஆகவே ஏலம் போடும் முன்பே பெட்டி கட்டி அளந்துவிட வேண்டும், விற்ற பிறகு கட்டினால் அளவு உங்களைக் கட்டிவிடும். அடுக்கும்போது எனாமலும் எனாமலும் தொடக் கூடாது. இடையில் இரண்டு சுற்று ஃபோம், சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, உருண்டாலும் நகராத இறுக்கம். செய்தித்தாள் மட்டும் போதாது, வழியில் அமுங்கிப்போகும். மங்கு ஜாடிக்கு இரட்டைப் பெட்டி, மூடி தனியே. கண்ணாடிச் சட்டப் படத்தைக் கண்ணாடியோடு தபாலில் அனுப்ப வேண்டாம். "கண்ணாடி இல்லாமல் அனுப்பப்படும்" என்று முதலிலேயே எழுதுங்கள்.

மற்ற ஓட்டைகள் சிறியவை: கமிஷனைக் கூட்டல் கணக்கில் போட்டது, டாலரை ரூபாயாக்கும்போது பிடித்தம், திரும்பி வந்த பார்சல். இவற்றைச் சம்மத விலையில் சேர்த்துப் புதிதாகக் கணக்கிட்டு, அதையே அடுத்த ஆரம்ப விலையின் தரையாக வையுங்கள். மாதாமாதம் ஏற்றுமதி செய்கிறீர்கள், ஜிஎஸ்டி, ஏற்றுமதிக் குறியீட்டு எண் என்று கேள்வி வருகிறது என்றால் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காரும் கட்டணம் வீண்போகாது.

## அறிகுறி 6: விலை எங்கேயோ ஏறியது, பணம் வரவில்லை

ஒரு ரூபாயில் ஆரம்பித்த ஏலங்களில் இது அதிகம், விளையாட்டுக்குக் கேட்பவர்களை அது இழுக்கும். வென்றவர் கணக்கு புதியதா, முன் வாங்கிய பதிவு இருக்கிறதா பாருங்கள். இபேயில் பணம் கட்டாதவர்களைத் தடுக்கும் அமைப்பை முன்னதாகவே போட்டு வைக்கலாம். அடுத்த உச்சக் கேட்பாளருக்கு "இரண்டாம் வாய்ப்பு" அனுப்பலாம், அவர் கேட்ட விலைக்கு. குழுவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சாமானுக்கு வென்ற ஒரு மணி நேரத்துக்குள் பத்து சதவீத முன்பணம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் நிறுத்துங்கள். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

## அறிகுறி 7: பட்டியலைத் தளம் எடுத்துவிட்டது, அல்லது பார்சல் சுங்கத்தில் நின்றது

இங்கே எந்த ஆரம்ப விலையும் சரியான விலை அல்ல. தந்தத்தில் செய்த எதுவும், சீப்பு, பொத்தான், தாயக்கட்டை, பெட்டியில் பதித்த வேலைப்பாடு எதுவானாலும், விற்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பாட்டன் காலத்துச் சாமான் என்பது விலக்கு ஆகாது.

தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டமும் 1972-தான். நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், கைவினைச் சாமான் ஆகியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. கல், உலோகம், மரச் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமமும் வேண்டும்.

அதனால் "நூற்றைம்பது வருஷப் பழசு" என்று பெருமைக்காகப் பட்டியலில் எழுதுவது விலையை ஏற்றாது, பார்சலை நிறுத்தும். வயதை முத்திரையிலிருந்து எடுங்கள். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது" என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் அது 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது, கவலையில்லை. செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918 அக்டோபருக்குப் பிந்தியது, அதனால் நூறாண்டுக் கோட்டின் எந்தப் பக்கம் என்று அது மட்டும் சொல்லாது. ஐயம் இருந்தால் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகே வெளிநாட்டு ஏலத்தில் போடுங்கள். அதுவரை உள்நாட்டுக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: ஏலம் ஓடும்போதே பங்காளி வீட்டிலிருந்து போன்

வளவு வீடுகளில், பல பங்காளிகளுக்குப் பொதுவான பழைய பெரிய வீடுகளில், இது நடக்கும். வீட்டுக்கு இருபது முப்பது பங்கு இருக்கும், இரண்டாங்கட்டு அறையில் கிடந்த அண்டா யாருடையது என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். 800 ரூபாய் ஆரம்ப விலையோடு படம் குழுவில் வந்ததும், சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் சித்தப்பா மகன் "அப்பத்தா சாமானை எண்ணூறுக்கா விக்கிற?" என்று கேட்பார். அவர் கோபப்படுவது ஆரம்ப விலையைப் பார்த்து. அதை விற்கும் விலை என்று நினைத்துவிடுகிறார்.

கேட்பு விழவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள். விழுந்திருந்தால் கேட்டவரிடம் காரணத்தை உள்ளபடி சொல்லி, மன்னிப்புக் கேட்டு நிறுத்துங்கள். பங்கு தகராறு உள்ள சாமானை விற்றுவிட்டுத் திரும்பக் கேட்பது இதைவிடப் பெரிய வம்பு.

மறுபடி போடுமுன் பங்காளிகள் குழுவில் படம், சம்மத விலை, ஆரம்ப விலை மூன்றையும் தனித்தனியே எழுதி, "சரி" என்ற பதிலை ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஆரம்ப விலை ஏன் தாழ்ந்திருக்கிறது என்பதை விற்றவை பட்டியலின் படத்தோடு காட்டினால் பெரியவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஒருவர் மறுத்தாலும் கூட்டம் வருமா என்ற சோதனையை விட்டுவிட்டு, எல்லோரும் ஒப்பும் தொகையையே ஆரம்ப விலையாக வையுங்கள். அதற்கு ஆள் வராவிட்டால் சாமான் வீட்டிலேயே இருக்கட்டும். நிலை, தூண், சாமி வீட்டுச் சாமான் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வக்கீலைப் பார்க்காமல் படமே எடுக்காதீர்கள். விற்ற பின் தளத்தின் ரசீது, கூரியர் ரசீது, கமிஷன் பிடித்த விவரம் மூன்றையும் அதே குழுவில் அன்றைக்கே போட்டு, பங்குப் பணத்தை அனுப்பிவிடுங்கள்.